சோத்துக்குள்ள புதைச்ச முட்டை

இண்டைக்கு என்ட மகள் கந்தோர் வேலை முடிஞ்சி வந்த களைப்பில, கோப்பையெல்லாம் கழுவ ஏலாதெண்டு, எல்லாரும் சுத்தியிருந்து தின்னுற பெரிய தட்டு, அந்தச் சகன எடுத்தா. அது நிலத்தில டங்கெண்டு பட்ட சத்தத்தோட நான் சின்னப் புள்ளையாகிட்டன்.

எங்கட உம்மா பொழுதுபட்டு மஃரிப் தொழுற நேரம் வரைக்கும் தறியில நெய்துகொண்டுதான் இருப்பா. மறுகா எங்க சமைக்கிற? பகல் சோறு, தேங்காச் சம்பல், பொரிச்ச கருவாடு எல்லாம் ஒரே சகனுக்குள்ள. அந்தக் கருவாட்டு வாசம்! சரி, அத விடுங்க. அவிச்ச முட்டை ஒண்ட நடுச்சோத்துக்குள்ள புதைச்சிடுவா. அவரவர் பக்கத்தாலதான் தின்னணும். முட்டை ஆருக்கு முன்னால வருதோ, அது அல்லாஹ் அவருக்கெண்டு எழுதின சாப்பாடு, அவர்ட ரிஸ்க்கு.

ஒருநாள் எனக்கு மூத்தவரு, எங்கட காக்கா, சோத்துக்கு அடியால தோண்டினாரு. சோறு இடிஞ்சி, முட்டை உருண்டு என்ட பக்கம் வந்திட்டு.

"கிணறு வெட்டினது நீ, தண்ணி குடிக்கிறது தங்கச்சியாடா?" எண்டு உம்மா விழுந்து விழுந்து சிரிச்சா.

இஞ்ச, மகள்ட புள்ளையள் ரெண்டும் "கடைக் கொத்துரொட்டிதான் வேணும்" எண்டு மூஞ்சிய நீட்டிட்டு நிண்டுதுகள். நான் இந்தக் கதையச் சொல்லிச் சொல்லி முட்டையப் புதைச்சன். பிஸ்மி சொல்லிச் சோத்தில விழுந்துதுகள்! மத்த நாளில நிண்டுகொண்டே தின்னுற மகளும் குந்தினா. முட்டை உருண்டது அவட பக்கம். அவ பிய்க்கப் போக, சின்னவன் கையப் புடிச்சிட்டான்.

"பங்கு வைக்காதீங்க உம்மா! அது உங்கட ரிஸ்க்கு!"

முழுசா வாய்க்குள்ள போட்டுக்கிட்டு அவ சிரிக்க, மஞ்சக்கரு என்ட முகத்தில தெறிச்சிச்சி. எங்கட உம்மாவும் இப்பிடித்தான், வாய் நிறையச் சோத்தோடதான் சிரிப்பா.