வராத நாகர்கோவில் பஸ்

என் பாட்டில் கொஞ்சம் பாப், கொஞ்சம் ஜாஸ், மேலே தாராளமாகப் பிரேசில் நாட்டுத் தாளம் என்று முதல்முறை விளக்கியபோது அப்பா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்: "கலப்படம்." ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற மனுஷர். அவர் வாயில் அதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

அந்தக் கலப்படத்தில்தான் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன். கோவளம் ஹோட்டல்களில் மாலை நேரப் பாட்டு, சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட இரண்டு ஆல்பம், அவ்வப்போது வெளிநாட்டுக் கச்சேரி. இந்தப் பிரேசில் பாட்டில் கத்தவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் பாட வேண்டும். எங்கள் வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம்கூட யாரும் அப்படிப் பேசியதில்லை. முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய், தொண்டைக்கட்டுக்கு மிளகுப்பால் காய்ச்சிக்கொண்டு வந்தாள்.

அப்பா அந்த ஆல்பத்தையும் கேட்கவில்லை. விரோதமெல்லாம் இல்லை, மகளுக்குக் கிட்டார் வாங்கித் தந்ததே அவர்தான். ஆனால் என் பாட்டு ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கோவளத்துக்கு ஒருதடவை வந்தார். இரண்டாவது வரியில் எழுந்து, காரைப் பூட்டினோமா என்று பார்க்கப் போனவர் திரும்பவில்லை. டவுன்ஹாலில் பாடியபோது, குண்டூர் மிளகாய் லோடு வந்துவிட்டதென்று போன் வந்தது. காரில் என் பாட்டைப் போட்டால் நடுவில் வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதுவும் எங்கள் வீட்டுக்கே. யார் யாரோ கைதட்டுகிறார்கள், இவர் ஒரு பாட்டைக் கடைசிவரை கேட்டால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும். நாற்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மலையாளி. தாலி கட்டி முடிந்ததும் நான் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிரியமாகக் கேட்டார்கள். நேரம்தான் சரியில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தாலி ஏறியதும் மண்டபம் காலியாகிவிடும். முதல் பந்திக்கு அப்படியொரு ஓட்டம். இடம் கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காரணம் போளி. இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் பால்பாயசம் விடுவார்கள். இரண்டாவது பந்திக்கு அது மிஞ்சுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அப்பா இதில் கைதேர்ந்தவர். சர்க்கரை இருப்பதால் வீட்டில் அம்மா இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. கல்யாணம்தான் கதி. சாப்பாட்டு ஹால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் முகூர்த்தத்துக்கு ஒரு மணிநேரம் முன்பே உட்கார்ந்துவிடுவார்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. நான் கிட்டாரில் கை வைத்ததும் மண்டபமே எழுந்தது. எனக்காக அல்ல. அப்பாவும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, கதவைப் பார்த்துத் திரும்பினார். நான் பாட ஆரம்பித்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மழையில் ஒரு பெண் நிற்கிறாள், நாகர்கோவில் பஸ் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் பல்லவி.

அப்பா நின்றார். மாசத்துக்கு இரண்டு தடவை வியாபார விஷயமாக நாகர்கோவில் போகிறவர், அந்த பஸ்ஸிடம் பட்டபாடு கொஞ்சமல்ல. மெல்ல உட்கார்ந்தார், நாற்காலி நுனியில்தான்.

முதல் சரணத்தில் அவள் டீ குடித்தாள். பஸ் வரவில்லை. உள்ளேயிருந்து சித்தப்பா கத்தினார்: "அண்ணே, இலை போட்டாச்சு கேட்டியளா!" அப்பா திரும்பாமலே கையைக் காட்டினார், இரு என்று. இரண்டாவது சரணத்தில் குடை ஒடிந்தது. பஸ் வரவில்லை. என்னோடு வாசிக்க வந்திருந்த சாக்ஸபோன்காரரிடம் இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் நேராக மேடைக்கு வந்தார்.

"ஏட்டி, பஸ் எப்போ வரும்?"

"பாட்டு முடிஞ்சாச்சுப்பா."

"அப்போ பஸ் வரல்லியா?"

"வரல்ல."

"பின்னே எதுக்குட்டி அந்தப் பிள்ளைய இம்புட்டு நேரம் மழையத்து நிறுத்துனே?"

இரண்டாவது பந்தியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் கையை விரித்தார்: "போளி கழிஞ்ஞு, அண்ணாச்சி." அப்பா வெறும் பாயசத்தைக் குடித்தார். குடித்துவிட்டு, மிளகாய் விலை பேசுகிற தொண்டையில், எதிர்வரிசைக்காரர்களிடம் தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொன்னார். டீ, குடை, மழை, எல்லாம் சொன்னார். ஒரு வரி விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"என்னட்டி, எரியுதா? நம்ம கடை மிளகாயாக்கும்" என்றார் பெருமையாக.

இப்போதெல்லாம் ஊரில் எங்கே நான் பாடினாலும் வந்துவிடுகிறார். அந்தப் பாட்டுக்குப் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இன்றைக்காவது வருமா என்று பார்க்கிறார். கடைசியில் ஒரு சரணம் சேர்த்து பஸ்ஸைக் கொண்டுவந்துவிடேன், பாவம் வயசானவர் என்று கூட வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். நான் மாட்டேன். பஸ் வந்தால் அப்பா எழுந்து போய்விடுவார்.