ஹேடோ ஏற்றமும் மூன்று நூல்களும்

எங்கள் தீவில், துறைமுகத்திலிருந்து மேலேறும் ஹேடோ ஏற்றத்தின் அடியை என் டாக்ஸி நெருங்கியதுமே பயணிகள் தாங்களாகக் கதவைத் திறந்து இறங்கிவிடுவார்கள். மூட்டைகள் காரில் இருக்கும். அவர்கள் முன்னால் நடக்க, நான் முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னாலேயே போவேன். இங்கிலாந்து சலூன் கார் அது. பார்வைக்குப் பெரிய மனுஷன் மாதிரி இருக்கும், ஏறத்தான் வராது. கப்பல் வரும் நாட்களில் ஜீப்காரர்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் காரை விற்றுவிட்டுக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பயந்து கிடந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒரு எஞ்சின் ஏறுவதும் இன்னொன்று திணறுவதும் ஏன் என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. படகுப் பட்டறையில் வேலை பார்த்த மலையாளி மிஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன.

"பார்த்தியா பாய், மூச்சு சுத்திச் சுத்திப் போகுது. இதே கம்பெனியோட அடுத்த மாடல்ல வால்வு தலைக்கு மேலே. நேரா மூச்சு, நேரா தாக்கத், முழு பலம்."

"அப்ப இது எதுக்கும் ஆகாதா?"

"யாரு சொன்னா? டிரம்முல கிடந்த பழைய பெட்ரோலையும் இது குடிக்கும். அந்த மேல்வால்வுக்காரன் நல்ல பெட்ரோல்தான் கேப்பான். வேணும்னா படகு டீசல் எஞ்சின் வைக்கலாம். பாரத்துல முன்ஸ்பிரிங் உட்கார்ந்துரும், அவ்ளோதான்."

இதையே ஓட்டுவது, மேல்வால்வு, டீசல் என்று மூன்று வழி. மூன்றிலும் எனக்குப் பயம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவி தட்டை நகர்த்தி வைத்துச் சொன்னாள்: "ஏறுற எஞ்சினை வாங்குங்க. ஏறாததுக்கு எதுக்கு இவ்வளவு வியாக்கியானம்?"

மெட்ராஸ் பழைய சாமான் கடைகளில் தேட, அங்கேயே இருந்த என் மச்சான் ஒத்துக்கொண்டார். ஒரு பொருள் தப்பாக வந்தால் அடுத்த கப்பல்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அப்போதெல்லாம் அளவை எழுதி அனுப்பமாட்டோம். நூலை அளவாக வெட்டிக் கப்பலில் போகிறவரிடம் கொடுப்போம். செருப்புக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் அப்படித்தான். நானும் பானெட்டுக்குள் எஞ்சின் உட்காரும் இடத்துக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று பருத்தி நூல்களை வெட்டினேன். அன்று நாங்கள் இருந்த கராச்சர்மாவில் விடாத மழை. மனைவி குடையோடு வந்தாள்.

"எனக்கு வேண்டாம், எஞ்சினுக்குப் பிடி," என்றேன். கையும் நூலும் நனைய நனைய, ஒவ்வொன்றையும் மூன்று தடவை பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினேன்.

மேல்வால்வு எஞ்சின் கியர் பாக்ஸோடு வந்தது. மிஸ்திரி எஞ்சின் தாங்கிகளை வெட்டிப் பற்றவைத்து உட்கார வைத்தார். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன், இருமலே இல்லை. பிறகு பானெட்டை இறக்கினோம். மூடவில்லை. ஒரு விரல் அகலம் இடித்தது.

"மூணு தடவை அளந்தேனே!"

"மழையிலயா?"

"ஆமா."

மிஸ்திரி தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அரே பாய், நனைஞ்ச நூல் சுருங்கும். அங்கே போய்க் காஞ்சதும் நீண்டிருக்கும். உன் மச்சான் அந்த உயரத்துக்கு வாங்கிட்டார். துறைமுகத்து நாய்க்குக்கூடத் தெரியும் இது!"

எத்தனையோ பயந்தவன், நூலைப் பற்றி மட்டும் பயப்படவில்லை.

படாக் மரக்கட்டைகளை வைத்துப் பானெட்டின் கீல்களை உயர்த்தினார். பூட்டாத முன்பக்கத்தைப் படகுக் கயிற்றால் கட்டினார். "மழை பெஞ்சா இன்னும் இறுகும். இப்ப மழை உன் பக்கம்," என்றார்.

அடுத்த கப்பல் நாளில் சிப்பிகாட் ஊர்க் குடும்பம் ஒன்று ஏறியது. நான்கு பேர், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கோழிக்கூடை. ஏற்றத்தின் அடியில் பெரியவர் பழக்கத்தில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"உட்காருங்க ஐயா," என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாகப் படவில்லை.

"நிஜமாவா? பாதியில இறக்கி விட்டுடாதப்பா. நடக்கிறதுன்னா இங்கேருந்தே நடந்துடறேன்."

கதவு சாத்தப்பட்டது. முதல் கியரில் கிளம்பி இரண்டாவதுக்கு மாற்றினேன். பாதி ஏற்றத்தில் கால் தானாகவே முதல் கியருக்காகக் கிளட்சைத் தேடியது. மிதிக்கவில்லை. கோழிகள் கத்தின. கார் இரண்டாவதிலேயே மேலே வந்து நின்றது.

"என்னப்பா, நின்னுடுச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லை ஐயா, நான்தான் நிறுத்தினேன்," என்று சொல்லி இறங்கி, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.