பூஸ்டரைக் கழற்றிய பின்னேரம்

2009 வசந்தகாலம் எனக்குப் பாதி நித்திரையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு மாடிப் பின்னறையில், வயிற்றுத் தையலோடும் பிறந்து பத்து நாளான மகளோடும் படுத்திருந்தேன். படியிறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வலிமாத்திரை போட்டால் சுவர்த்தாளில் இருந்த பூக்கள் மெல்ல நீந்தத் தொடங்கும். அந்த மயக்கத்திலும் ஒரு கவலை மட்டும் தெளிவாக இருந்தது. ரொறன்ரோவில் என் ஒரே தங்கச்சிக்குக் கலியாணம். அதை நான் பார்க்க வேண்டும்.

பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு, வேறு. கணவரின் அம்மா, எங்களோடு இருந்த மாமி, முப்பத்தொரு நாளும் சாமித்தட்டில் விளக்குக் கூடக் கொளுத்தவிடாதவர். துடக்குக்காரி தாலிகட்டைக் கொம்பியூட்டரில் பார்க்கலாமா என்று என் கணவர் பயந்து பயந்து கேட்டாராம். மாமிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் டிவியில் ஸ்னூக்கர் என்றால் உயிர். சிவப்புப் பந்து குழியில் விழும்வரை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கம்பிக்குள்ளாலை துடக்குப் போகாது."

துடக்கு மட்டுமா, ஒன்றுமே போகவில்லை. இன்டர்நெட் பெட்டி கீழே முன்னறையில் இருந்தது. வயர்லெஸ் என் அறைவரை எட்டாது. ரொறன்ரோவில் கேபிள் வேலை செய்யும் சித்தப்பாவின் மகன் இரண்டு சின்னப் பெட்டிகள் அனுப்பியிருந்தான். கீழே ஒன்று, மேலே ஒன்று, டிவி அன்டெனாக் கம்பியில் கொளுவினால் அதன் வழியாகவே இன்டர்நெட் வரும் என்றான். கொளுவினோம். பச்சை விளக்கு எரியவில்லை.

"சிக்னல் காணாது," என்றார் இவர். எங்கள் ஆட்களுக்கு எது சரிவராவிட்டாலும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரி, கறித்தூள் என்றாலும் பூஸ்டர் என்றாலும். வீட்டில் முந்தி இருந்தவர்கள் டிவி சிக்னலைக் கூட்டக் கூரைக்குள் ஏற்கனவே ஒரு பூஸ்டர் பூட்டியிருந்தார்கள். இவர் இரண்டாவதையும் வாங்கிப் பூட்டினார். கீழே மாமியின் பந்துகள் தகதகவென்று மின்னின. என் பெட்டி இருட்டாகவே கிடந்தது. தாலிகட்டுக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. "உங்களை நம்பினதுக்கு நான் நீந்திப் போயிருக்கலாம்," என்று சொல்லி அழுதேன்.

இவர் ரொறன்ரோவுக்கு, கலியாண மண்டபத்துக்குப் போன் எடுத்தார். சித்தப்பாவின் மகன் மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினான்: "பூஸ்டர் ஒருவழிப் பாதை அத்தான். அன்டெனாவாலை வாறதை வீட்டுக்குள்ளை விடும். பெட்டியள் ரெண்டும் தங்களுக்குள்ளை கதைக்கிறதை விடாது. ரெண்டு பூஸ்டரையும் கழட்டிப்போட்டு, கம்பியை ரெண்டாப் பிரிக்கிற வெறும் ஸ்பிளிட்டரைப் பூட்டுங்கோ."

கழற்றினால் கீழே டிவியில் படம் வராது. அன்று ஸ்னூக்கர் இறுதி ஆட்டம். இவர் படியடியில் நின்று மாமிக்கு இழுத்து இழுத்து விளக்கியது எனக்குக் கேட்டது. பிறகு மாமியின் குரல் கேட்டது. "கழட்டு."

பச்சை விளக்கு எரிந்தது. கொம்பியூட்டர்த் திரையில் முதலில் மங்கலான சிவப்பு, பிறகு அது கூறைச் சேலையானது. படம் நின்று நின்று வந்ததால் தங்கச்சி தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி மணவறைக்கு வந்தாள். தாலி ஏறியபோது மகள் என் நெஞ்சில் நித்திரை. எல்லாம் முடிய, தங்கச்சி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு வந்தாள்.

"அக்கா, தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது," என்றேன். அவள் நகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதைத்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இவர் பூஸ்டரோடு ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. "நில்லு, வாறன்," என்று தங்கச்சிக்குச் சொல்லி, மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படித்தலைப்புவரை போனேன். அங்கிருந்து பார்த்தால் முன்னறைக் கதவு திறந்திருந்தது. டிவி முழுக்கப் புள்ளிமழை. மாமி அதற்கு முன்னால் நிமிர்ந்து இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பூட்டாதை," என்று மகனுக்குச் சொன்னார். "அவள் இன்னும் தங்கச்சியோடை கதைச்சு முடிக்கேல்லை."