மோட்டர் எரிந்த மாதத்துச் சம்பளம்

நெல்லியடிப் புடவைக்கடையில் பதினொரு வருடம் சீலை விரித்துக் காட்டிய தக்சாயினிக்கு ஒரு குணம் உண்டு. யாராவது காரணமில்லாமல் நல்லவராக நடந்தால் அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதுதான் அவளுடைய வேதம்.

அண்ணன் ஜெயசுதனால் அந்தக் குணம் இன்னும் முற்றியது. லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்தவன், சொந்தக்காரர் நிறைந்த வீட்டில், "நான் அனுப்பாட்டி இஞ்சை அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அவனோடு பேச்சை நிறுத்தினாள். இனி அவன் காசில் ஒரு சதமும் தொடமாட்டேன் என்று தாய் தங்கமுத்துவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பிறகு புடவைக்கடையை மூடிவிட்டார்கள். அவள் மாலை வகுப்புக்குப் போய் இணையத்தளம் கட்டப் படித்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளை 'அன்ரி' என்றார்கள். ஒரு அடைப்புக்குறி விடுபட்டதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் மண்டையை உடைத்திருக்கிறாள். ஆனாலும் எதையும் நம்பாத புத்திக்கு அந்த வேலை நன்றாக ஒத்துப்போனது. தான் எழுதிய வரியையே கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பிழை பிடித்தாள்.

வெளிநாட்டுக் கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் றஞ்சித் அவளை வேலைக்கு எடுத்தார். மாதம் முப்பத்தையாயிரம் ரூபாய். அவர் ஜெயசுதனோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அரிப்பு அங்கேதான் தொடங்கியது.

மாரி மழைக்குக் கூரை ஒழுகியது. அடுத்த மாதம் சம்பளம் ஐம்பத்தையாயிரம். தாய்க்குக் கண்ணில் சத்திரசிகிச்சை வந்தது, சம்பளம் எண்பதாயிரம் ஆனது. ஸ்கூட்டி படுத்தது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் விழுந்தது. கேட்காமலே, அதுவும் வீட்டில் இடி விழும் மாதம் பார்த்து, எந்த முதலாளி சம்பளம் கூட்டுவான்? ஞாயிறுதோறும் மகனோடு கதைக்கும் தங்கமுத்து, வீட்டில் பல்லி விழுந்தாலும் அவனுக்குச் சொல்லிவிடுவாள். தக்சாயினிக்குச் சங்கதி விளங்கிவிட்டது. அண்ணன் காசுதான் றஞ்சித்தின் கையால் சம்பளமாக வருகிறது. அப்படியென்றால் அவள் படித்ததும் கண் எரிய எரிய வேலை செய்ததும் வெறும் நாடகம். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறி வைத்தாள்.

"அம்மா, கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சு. புதுசுக்கு அறுபதாயிரம் வேணுமாம்."

"என்ன பிள்ளை, காலமைதானே தண்ணி இறைச்சனான்?"

"அதுக்குப் பிறகுதான். சுவிச்சைத் தொட்டிடாதேங்கோ, கரண்ட் அடிக்கும்."

பாவம், தங்கமுத்து இரண்டு நாள் வாளியால் தண்ணீர் அள்ளினாள். மூன்றாம் நாள், திருத்தியாயிற்று என்று மகள் இன்னொரு பொய் சொன்னாள். மாத முடிவில் சம்பளம் வந்தது, ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

அவள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி றஞ்சித்தின் மேசையில் வைத்தாள்.

"றஞ்சித் அண்ணை, என்ரை அண்ணை உங்களுக்கு மாதம் எவ்வளவு அனுப்பிறவர்? மறைக்காமல் சொல்லுங்கோ."

"எனக்கோ? உம்மடை அண்ணரோ? ஒரு சதம் அனுப்பேல்லை!"

"அப்ப மோட்டர் எரிஞ்சது எண்ட உடனை எப்பிடிச் சம்பளம் கூடினது?"

அவர் முகம் கறுத்தது. கைபேசியை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். ஜெயசுதனின் குரல்.

"டேய், லண்டன் சீலைக்கடைத் தளம் முழுக்க அவள் செய்தவள். இஞ்சை கடைக்காரர் அவளின்ரை வேலையை மெச்சிறார். மற்றவங்களுக்கு நீ எவ்வளவு குடுக்கிறாய்? அவள் வாய் திறந்து கேக்கமாட்டாள் எண்டுதானே ஏய்க்கிறாய்? அவளின்ரை உழைப்பை அவளுக்குக் குடு. நான் சொன்னது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

"உம்மடை வீட்டிலை ஏதும் கஷ்டம் எண்டு அவன் கேள்விப்பட்டால் எனக்கு உப்பிடித்தான் ஏச்சு விழும்" என்றார் றஞ்சித்.

தக்சாயினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வருடம் அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்திலும் புத்தி மழுங்கவில்லை.

"மற்றவைக்கு எவ்வளவு குடுக்கிறனீங்கள்?"

றஞ்சித் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். "ஒரு லட்சத்து எண்பதாயிரம்."

"எனக்கு ரெண்டு லட்சம் வேணும். இந்தமுறை நான்தான் கேக்கிறன்."

"ஓம்" என்றார். அவர் அத்தனை வேகமாகச் சொன்னதில், இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாமோ என்று அவளுக்குப் பட்டது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து லண்டனுக்கு அழைப்பு எடுத்தாள். மணி ஒருதரம்கூட முழுதாக அடிக்கவில்லை.

"தக்சா! என்ன, அம்மாவுக்கு ஏதுமோ?" அவன் பதறினான்.

"அம்மா சுகமாய் இருக்கிறா. உங்களோடை கதைக்கத்தான் எடுத்தனான், அண்ணை."