ஆறு மணிக்குள் நாலு வண்டி

டயரில் காற்றைக் குறைத்து வைப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டு. அதில்தான் நான் இருக்கிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கேம்ப். டூரிஸ்டுகள் ஓட்டிப் பார்க்க நாலு ஏ.டி.வி. வண்டிகள். பைக் மாதிரி ஹேண்டில்பார், குட்டையாய்க் குண்டாய் நாலு டயர், முன்னால் ஒரு வின்ச். மோட்டாரில் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கயிறுதான் வின்ச். கொக்கியை மரத்தில் மாட்டி பட்டனை அமுக்கினால், சேற்றில் சிக்கிய வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். வர வேண்டும்.

வடக்கனந்தலில் என் வீட்டுக்காரருக்குப் பஞ்சர் கடை. அங்கே கற்றுக்கொண்டதை நம்பித்தான் இந்த வேலை கேட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பாப்பம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நாலு வண்டியும் ஷெட்டுல நிக்கணும். ஒரு நாள் ஒண்ணு நிக்கலன்னாலும் வேற ஆள வெச்சிக்குவேன்" என்றார். எனக்கோ வேலை பிடித்துப் போயிற்று. கடையில் டயருக்கு முன்னால் குனிந்தே கிடந்தவள் இங்கே அதன் மேல் ஏறிப் போகிறேன். விட மனம் வருமா? வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வழி பார்த்து நிற்கும் சகோதர சகோதரிகளே, அந்த மாதம் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கட்டைவிரல் பரிசோதனை

இந்த வண்டிக்கு ஐந்து பவுண்டு காற்று போதும். டயர் கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் கல்லையும் சேற்றையும் கவ்விப் பிடிக்கும். இதை ஒருவரும் நம்புவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு லாரி டிரைவர் குடும்பத்தோடு வந்தார். பதினாறு டயரையும் ஒன்று விடாமல் அமுக்கினார். நான் பஞ்சர் கடைக்காரர் மனைவி என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். நான் விளக்கம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பதினாறும் பஞ்சரு. வூட்டுக்காரு கடைக்கு ஆள் புடிக்கத்தான் இங்க வந்துகினு இருக்கியா தங்கச்சி?"

மரம் வந்தது

சென்னையிலிருந்து நாலு பையன்கள். "சிக்கிக்கிட்டா நல்ல பெரிய மரமா பாத்து மாட்டுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். ஐந்து மணிக்கு போன் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டின் பின்னால் வாய்க்காலில் வண்டி இறங்கியிருந்தது. கொக்கியை மாட்டியிருந்த மரம், முருங்கை. பெரியதுதான், உயரத்தில். பட்டனை அமுக்கியதும் வண்டி அசையவில்லை. மரம் பூவும் காயுமாகப் புறப்பட்டு வண்டிக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கொக்கியைப் பலா மரத்துக்கு மாற்றி இழுத்து, ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷெட்டுக்கு வந்தோம். கிளம்பும்போது அந்த அம்மா கொக்கி மாட்டிய பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "காயி வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே பறிச்சி குடுத்திருப்பனே தம்பி."

ஈரச் சாக்கு

வின்ச் இழுக்கும்போது கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு வைப்பேன். அறுந்தால் சாட்டை மாதிரி வீசி ஆளை அடிக்காமல் கீழே விழுந்துவிடும். அந்தக் கயிற்றைத் தாண்டப் போன கள்ளக்குறிச்சி அம்மா ஒருவரைக் கத்தி நிறுத்தினேன். அவர் சாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, கம்பிக்கு ஜொரமா?"

முதலாளியின் காற்று

மாதத்தின் கடைசி நாள். முதலாளி மூன்று நண்பர்களோடு வந்தார். நான் சாப்பிடப் போன நேரத்தில் நண்பர்கள் டயரை அமுக்கிப் பார்த்துக் கேலி பேசியிருக்கிறார்கள். மானம் போய்விட்டதென்று முதலாளி ஒரு வண்டிக்குப் பம்பு வைத்துக் காருக்கு அடிக்கிற காற்றை அடித்து, அதையே ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நண்பர்கள் பின்னால் நடந்தார்கள்.

ஐந்தே காலுக்கு போன். இன்னொரு வண்டியில் போனேன். பள்ளத்து வயலோரம், கல் மாதிரி இறுகிய நாலு டயரும் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டியிருந்தன. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு வின்ச்சை அமுக்கியதில் பேட்டரியும் காலி. நண்பர்கள் வரப்பில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழியில் இருப்பது அவர், வேலை போகப்போவது எனக்கு.

ஹேர்பின்னால் வால்வை அமுக்கி நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். என் வண்டியைப் பின்பக்கம் ஒரு மரத்தோடு கட்டி, முன்பக்க வின்ச் கொக்கியை அவர் வண்டியில் மாட்டி, சாக்கைப் போட்டு, இன்ஜின் ஓட ஓட இழுத்தேன். நண்பர்களையும் இறங்கித் தள்ளச் சொன்னேன். வெள்ளைச் சட்டை மூன்றும் நிறம் மாறின.

செத்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. எல்லோரும் அதையே பார்த்தார்கள். முதலாளி ஸ்டூலைப் போட்டு ஏறி, சேற்றுக் கையாலேயே முள்ளைப் பின்னுக்குத் தள்ளி ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கிற மாதிரி வைத்தார். இறங்கி என்னைப் பார்த்து, "இது ஜாஸ்தியா ஓடிக்கினு இருக்குது. நாளைக்கு வந்ததும் மொதல்ல இதுக்கு இன்னான்னு பாரும்மா" என்றார்.

மறுநாள் போனேன், பார்த்தேன், தொடவில்லை. கால் மணி நேரம் பின்தங்கி ஓடும் அந்தக் கடிகாரம்தான் இன்றுவரை எங்கள் கேம்பில் ரிப்பேரே வராத ஒரே சாமான்.