வலிக்கு எத்தனை மார்க்

துணி தேய்க்கும் கடையில் அண்ணன் தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இஸ்திரிப்பெட்டி ஆறிப்போகும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். நர்சிங் படித்த தங்கையின் வெள்ளைச் சீருடையை அந்த வருடங்கள் முழுக்க வேறு யாரையும் தொடவிட்டதில்லை. காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்.

அவர் மனசு அடிக்கடி திரும்பிப் போவது அவளுடைய செய்முறைத் தேர்வு நாளுக்குத்தான். முந்தின நாள்தான் அவள் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியிலேயே அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. தேர்வு நடத்த வந்த டீச்சரம்மா வேண்டுமென்றே அண்ணனின் கட்டிலைத் தங்கைக்குக் கொடுத்தார்.

"சொந்தக்காரங்களைக் கவனிக்கறதுதான் கஷ்டம். பார்ப்போம்."

தங்கை கை கழுவிவிட்டு வந்தாள். "உங்க பேர் சொல்லுங்க."

"என்னடி, என் பேரே மறந்துபோச்சா?"

"சொல்லுங்க சார்." அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர் அட்டையோடு ஒப்பிட அவள் காத்திருந்தாள்.

சார்! வாய் திறந்த நாளிலிருந்து 'டேய் அண்ணா' என்று கூப்பிட்டவள். பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள் சிரித்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஆஜர் கொடுப்பதுபோல் பெயரைச் சொன்னார்.

"வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?"

தையல் போட்ட இடத்தில் சூடான பெட்டியை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. ஆனால் நோயாளி வலிக்கிறது என்றால் நர்சுக்கு மார்க் குறையாதா?

"சுத்தமா இல்லீங்கம்மா. ரொம்ப நல்லா பார்த்துக்கறீங்க."

தங்கை அவர் வயிற்றில் ஒரு தலையணையை வைத்தாள். "இதை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருமுங்க."

எலி கீச்சிட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் அவள் குனிந்தாள்.

"டேய் அண்ணா, எனக்காகப் பொய் சொல்லாத. வலிக்குப் பயந்து இருமாம கிடந்தா நெஞ்சுல சளி கட்டும். நடக்காம கிடந்தா கால்ல ரத்தம் உறையும். மார்க் போனா போகுது. சொல்லு."

"எட்டு."

அவள் நிமிர்ந்தாள். "மேடம், டாக்டர் எழுதின வலி ஊசியை முதல்ல போடறேன். அது வேலை செஞ்சப்புறம்தான் இவரை நடக்க வைப்பேன்."

"உன் தேர்வு நேரம் முடிஞ்சிடுமே?"

"முடியட்டும் மேடம்."

வலி அடங்கியதும் அவள் அவரை ஒருக்களிக்கச் செய்தாள். கால்களை இறக்கி உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லையென்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுப்பினாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்து திரும்பியபோதுதான் அண்ணன் கவனித்தார். நேரம் முடிந்தும் டீச்சரம்மா போகாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தங்கை பாஸ் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று ஆபரேஷன் வார்டு முழுக்கத் தங்கையின் பொறுப்பில். புதிதாக வரும் மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, "உண்மையைச் சொல்ல வச்சேன், எட்டுன்னார்" என்று முடிப்பாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "எட்டு இல்லீங்க, ஒன்பது. தங்கச்சியாச்சேன்னு ஒண்ணு குறைச்சேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."