ஒரு ஏன் பாக்கி

கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுவது அவள் வேலை. கணவன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. வேலை செய்பவர்கள் ஒரு பாடம் இலவசமாகப் படிக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, மத்தியானம் சும்மாதானே இருக்கிறோம் என்று பெயர் கொடுத்தாள். சமூகமும் உடல்நலமும் என்ற பாடம். வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்கா. பத்து வயது இளையவளான டீச்சருக்கும்கூட.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட சாவை எடுத்துக்கோங்க. ஏன் ஏன்னு கேட்டுட்டே போங்க," என்றாள் டீச்சர்.

அவள் கணவனைப் பற்றி எழுதினாள். நுரையீரல் கெட்டு இறந்தார். ஏன்? பதினாறு வருஷம் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கினார். முகத்துணி ஏன் கட்டவில்லை? மாசத்துக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள், இரண்டாம் நாளே கிழிந்துவிடும். வேறு வேலைக்கு ஏன் போகவில்லை? குடியிருந்தது கிடங்கு வீடு. வேலையை விட்டால் வீடும் போய்விடும். போய்விடலாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். ஏன் போகவில்லை? நான்தான் வேண்டாம் என்றேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது.

மளிகைச் சீட்டு எழுதுவதுபோல எழுதி முடித்தாள். கண்கூடக் கலங்கவில்லை.

மறுநாள் டீச்சர் அவளைத் தனியாக அழைத்தாள். "உங்க மேலயே பழி போட்டு நிறுத்திட்டீங்களே அக்கா. வேலையை விட்டா வீடு போயிடும்னு வச்சது யாரு? அங்க ஒரு ஏன் பாக்கி இருக்கு."

"எழுதிடறேன் டீச்சர்."

எழுதினாள். ஆள் விட்டுப் போகாமல் இருக்க முதலாளி வைத்த ஏற்பாடு என்று. இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண். நெஞ்சில் பாரம் இறங்கியதா என்று அவளுக்கே தெரியவில்லை. மரத்துப்போய்க் கிடந்தது. போய் மீதிக் குப்பிகளைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். அவனுக்கும் அதே கிடங்கில்தான் வேலை, குடும்பத்தோடு கிடங்கு வீட்டில்தான் குடியிருப்பு. பேச்சுக்கு நடுவே இருமினான்.

"எத்தனை நாளா தம்பி?"

"தூசி அண்ணி. எல்லாருக்கும் இருக்கறதுதானே."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கறோம்."

"வேலை கெட்டுடும் அண்ணி."

"கெடட்டும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனாலோ என்னவோ, மறுநாள் காலையில் அவனே வாசலில் வந்து நின்றான்.

படத்தில் இரண்டு பக்கமும் லேசாகப் புள்ளிகள் தெரிந்தன. இப்போதே தூசியை விட்டு விலகினால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர்.

"விலகினா எங்க போய்க் குடியிருக்கறது?" டாக்டரை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டான்.

"நம்ம வாடகை வீட்டுல முன்னறை சும்மாதான் கிடக்கு. எல்லாரும் வந்துடுங்க. இடிச்சுக்கிட்டுதான் இருக்கணும்."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள்.